இந்தத் தீபாவளிக்கு எந்தப் பட்டாசு? எரிகிற விதத்தைப் பார்த்து ஒரு கணக்கு

பட்டாசுக் கடையில் நாம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். தள்ளுபடி எவ்வளவு, சத்தம் நல்லா வருமா. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: உள்ளே இருக்கிற மருந்து திறந்து எரிகிறதா, அடைபட்டு எரிகிறதா, இல்லை எரிந்துகொண்டே இடத்தை விட்டுக் கிளம்பிப் போகிறதா? இதற்குப் பதில் தெரிந்தாலே பட்டியலில் பாதியை அடித்துவிடலாம். நான் எழுதுவது அடுக்குமாடியிலோ நெருக்கமான தெருவிலோ குடியிருக்கிற, ஒன்றிரண்டு பிள்ளைகளும் ஒரு வயதானவரும் இருக்கிற வீட்டுக்காக. களத்துமேடும் தோப்பும் இருக்கிறவர்கள் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். விறகோ மெழுகுவர்த்தியோ எரிய வேண்டுமானால் காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்க வேண்டும், அதனால்தான் மூடினால் அணைகிறது. பட்டாசு அப்படி இல்லை, தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அது கையோடு கொண்டு வருகிறது. கருமருந்தில் எடைக்கு முக்கால் பங்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், மீதியில் 15 சதவீதம் கரி, 10 சதவீதம் கந்தகம். வெடியுப்பு சூட்டில் உடைந்து ஆக்சிஜனை விட, பக்கத்திலேயே இருக்கிற கரியும் கந்தகமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. எரிகிற மத்தாப்பை மண்ணில் குத்தினாலும் அது பாட்டுக்கு எரிந்து முடிவது இதனால்தான். ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கலாம் என்ற நினைப்பும் பட்டாசு விஷயத்தில் உதவாது. பக்கத்தில் வாளித் தண்ணீர் வைக்கச் சொல்வது எரிகிற மருந்தை மூச்சுத் திணற வைப்பதற்காக அல்ல, சூட்டை இழுத்துக்கொள்வதற்காக.

அடுத்தது வேகம். சிறு வயதில் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி வந்து, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தாதவர்கள் குறைவு. (இப்போது பிள்ளைகளை விடாதீர்கள், அலுமினியத் தூள் கலந்த மருந்து கண்ணிமைக்கிற நேரத்தில் பற்றி முகத்தில் அடிக்கும்.) அங்கே என்ன ஆகும்? 'புஸ்' என்று ஒரே வீச்சில் எரிந்து வெள்ளைப் புகை கிளம்பும், வெடிக்காது. அதே மருந்து, அதே அளவு, காகிதத்தை அழுத்திச் சுருட்டி மேலே சணல் சுற்றியிருந்தால் 'டமார்'. மருந்து மாறவில்லை, வாயு வெளியே போக வழி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும், வேகம் ஏற ஏற அழுத்தம் இன்னும் ஏறும், கடைசியில் சுற்று கிழியும். ஆட்டம் பாமில் அந்தப் பச்சைச் சணலை அவ்வளவு இறுக்கிச் சுற்றியிருப்பது அழகுக்காக இல்லை.

இப்படிச் சூடு ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குத் தாவித் தாவிப் பரவுவதும், அதிர்வலையே மருந்தை நசுக்கிக்கொண்டு ஒலியைவிட வேகமாகப் பாய்வதும் வேறு வேறு. இரண்டாவதற்குப் பெயர் டெட்டனேஷன், கல்குவாரியில் பாறை உடைக்க வைக்கிற மருந்து அந்த வகை, டிஎன்டியில் அந்த அலை நொடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் போகும். கடையில் விற்கிற தீபாவளிப் பட்டாசு முதல் ரகம். இது ஆறுதலான செய்திதான், ஆனால் ஒரு பெட்டி விஷயத்தில் மட்டும். மொத்தமாக ஒரு அறையில் இருக்கிற அலுமினிய மருந்து ஒரே சமயத்தில் பற்றினால் முதல் ரகமா இரண்டாவது ரகமா என்று வாதிட அங்கே யாரும் மிஞ்சுவதில்லை, விருதுநகர் மாவட்டத்துச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, பெட்டியைத் திறப்போம்.

கம்பி மத்தாப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைப் பற்றித்தான் நம்மிடம் தப்பான நம்பிக்கை அதிகம். 'குழந்தைக்கு மத்தாப்பு கொடு' என்று யோசிக்காமல் சொல்கிறோம். எரிகிற விதத்தில் பார்த்தால் இது நல்ல பிள்ளைதான்: மருந்து கம்பியின் மேல் பசையோடு பூசியிருக்கிறது, அடைப்பு எதுவும் இல்லை, ஒரு முனையில் தொடங்கி மெதுவாக இறங்கி வருகிறது. பொறி பறப்பது இரும்புத் தூளால். தூளில் இருக்கிற கரி எரிந்து வாயுவாகி, உருகிய இரும்புத் துளியை உள்ளிருந்து சிதறடிப்பதால்தான் ஒரு பொறி பல பொறியாகக் கிளை விடுகிறது. பொறியின் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும், ஆனாலும் கையில் பட்டால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான், ஏனென்றால் அந்தத் துளியில் இருக்கிற இரும்பு ரொம்பக் கொஞ்சம். ஆபத்து பொறியில் இல்லை, கம்பியில். எரிந்து முடிந்து கறுத்துப்போய்ச் சாதுவாகத் தரையில் கிடக்குமே, அந்தக் கம்பிதான் வெறுங்காலில் மிதிக்கிற பிள்ளையைச் சுட்டுவிடும். ஆகவே வாங்கலாம், ஆனால் 10 செ.மீ. பெட்டி நாலுக்குப் பதில் 30 செ.மீ. பெட்டி ஒன்றோ இரண்டோ எடுங்கள். நெருப்பு கையிலிருந்து தள்ளி இருக்கும், ஒன்று அதிக நேரம் எரியும், கீழே விழுகிற கம்பிகளின் எண்ணிக்கையும் குறையும். முடிந்த கம்பி நேராகத் தண்ணீர் வாளிக்குள் போக வேண்டும், இதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

புஸ்வாணம் என் கணக்கில் முதலிடம். கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் வேறெதுவும் தராது. கூம்புக்குள் மருந்து அழுத்தி அடைத்திருக்கும், மேலே சின்ன வாய். வாயு வெளியே வர வழி இருப்பதால் வெடிக்காமல் சீறுகிறது, வாய் சின்னதாக இருப்பதால் தூளை உயரமாகத் தூக்கி எறிகிறது. குக்கரில் வெயிட் வழியாக ஆவி வருகிற மாதிரி, வாய் திறந்திருக்கிறவரை பயமில்லை. அப்படியானால் சில புஸ்வாணம் ஏன் படாரென்று வெடிக்கிறது? உள்ளே இறுகியிருக்கிற மருந்தில் விரிசல் விழுந்திருந்தால் தீ விரிசலுக்குள் நுழைந்து ஒரே சமயத்தில் நிறைய பரப்பில் பற்றும், அந்தச் சின்ன வாய்க்கு அவ்வளவு வாயுவை வெளியேற்ற முடியாது. எனவே கீழே போட்டு உருட்டியது, ஈரமாகி மொட்டை மாடியில் காய வைத்தது, போன வருஷத்து மிச்சம் இதெல்லாம் வேண்டாம். வெடிப்பதைவிட இன்னொன்றுதான் அதிகம் நடக்கிறது: பற்றியதா இல்லையா என்று குனிந்து பார்க்கிற அந்த விநாடியில் சீறுவது. கையை நீட்டி ஊதுபத்தியால் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகுங்கள், பற்றவில்லை என்றால் விட்டுத் தள்ளுங்கள், பெட்டியில் இன்னும் ஒன்பது இருக்கிறது.

ஊதுபத்தி ஏன் தீக்குச்சி வேண்டாம் என்பதற்கும் எரிகிற விதம்தான் பதில். ஊதுபத்தி கொழுந்துவிட்டு எரிவதில்லை, கனன்றுகொண்டிருக்கிறது. காற்றுக்கு அணையாது, வளைந்து பக்கத்துத் திரியைத் தொடாது, எந்த இடத்தில் வைக்கிறோமோ அந்த இடம் மட்டும் பற்றும். நீளமானதாக வாங்கிக்கொள்ளுங்கள். திரியின் நுனிக் காகிதத்தைக் கிள்ளிவிட்டுப் பற்றவைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நுனியை மட்டும் கிள்ளினால் சரி, பாதித் திரியையே பிய்த்தால் ஓடுவதற்கான நேரத்தையும் சேர்த்துப் பிய்த்ததாக அர்த்தம்.

சங்குசக்கரம் புஸ்வாணத்துக்கு அடுத்தபடி. குழாயைச் சுருளாகச் சுற்றி ஒரு முனையைத் திறந்து விட்டிருக்கிறார்கள், வாயு ஒரு பக்கம் தள்ள, சக்கரம் மறுபக்கம் சுற்றுகிறது. வழவழப்பான சிமெண்ட் தரை வேண்டும், மண்ணில் சிக்கி நின்றுவிடும், டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் விட்டால் கறை போகாமல் அடுத்த பொங்கல் வரை திட்டு வாங்கலாம். சில சமயம் ஓடிவந்து கால் விரலைப் பார்க்கும், செருப்புப் போட்டால் போதும்.

பாம்பு மாத்திரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் காட்டமாகவே சொல்ல வேண்டும். சத்தம் இல்லை, பொறி இல்லை, பறக்கவில்லை, விலையும் மலிவு, பார்த்தால் எல்லாவற்றிலும் அப்பாவி. ஆனால் புனேயில் உள்ள செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016-இல் ஆறு வகைப் பட்டாசுகளின் புகையை அளந்தபோது முதலிடம் பிடித்தது இதுதான். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 64,500 மைக்ரோகிராம் வரை போனது, 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு 60. அடுத்தது சரவெடி, 38,540. கம்பி மத்தாப்பு பத்தாயிரத்துச் சொச்சம். ஆறில் கடைசி புஸ்வாணம், 4,860. காரணம் எளிது. பாம்பு வளர்வதே அரைகுறையாக எரிவதால்தான், முழுக்க எரிந்துவிட்டால் பாம்பு ஏது, அந்தக் கரி நுரைதானே பாம்பு. பிள்ளைகள் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூக்கை நீட்டிப் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் முதலில் அடிக்க வேண்டியது ஆட்டம் பாமை அல்ல, இதை.

இனி வெடிகள். பேச்சு இங்கேதான் சூடாகும். வெடி இல்லாத தீபாவளி தீபாவளியா என்று கேட்கிற மாமா எல்லா வீட்டிலும் இருக்கிறார், அவருக்கும் வழி உண்டு. சட்டப்படி ஒரு தனி வெடியின் சத்தம் 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. அந்த 4 மீட்டரைக் கவனியுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும், 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113. பாதியானால் கூடும், 2 மீட்டரில் 131. இரண்டு பக்கமும் சுவர் இருக்கிற சந்தில் இந்தக் கணக்கு நமக்கு எதிராகத்தான் வேலை செய்யும், சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். எனவே பெரிய மைதானம் இல்லாதவர்கள் ஆட்டம் பாம், ஹைட்ரஜன் பாம் பக்கம் போக வேண்டாம், குருவி வெடியும் லட்சுமி வெடியும் போதும். பிஜிலியை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து வெடித்தால் ஒரு பையிலேயே பையன்களுக்கு அரை மணி நேரம் ஓடிவிடும். இரண்டு விஷயத்தில் மாமாவுக்கும் விலக்கு இல்லை: டப்பாவையோ தேங்காய்ச் சிரட்டையையோ கவிழ்த்து வெடிப்பது (சத்தம் கூடும் என்பது உண்மை, தகரம் துண்டாகப் பறக்கும் என்பதும் உண்மை), போகாத வெடியைக் கிட்டே போய்ப் பார்ப்பது.

சரவெடி பற்றி விவாதிக்கவே ஒன்றுமில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசையும் தடை செய்தது, தளர்த்தச் சொல்லிக் கேட்டதை 2023 செப்டம்பரில் மறுத்துவிட்டது. பத்தாயிரம் வாலாவைத் தெருவில் விரிப்பதில் ஒரு மிடுக்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொளுத்திய பிறகு அதை நிறுத்த வழியே இல்லை, நடுவில் ஒரு சைக்கிள்காரர் வந்தாலும் அது பாட்டுக்கு வெடித்துக்கொண்டிருக்கும்.

ராக்கெட், வேண்டாம். ஒரே வரியில் முடிக்கலாம், ஆனால் காரணம் கேட்பீர்கள். பின்னால் கட்டியிருக்கிற குச்சிதான் அதை நேராகப் போக வைக்கிறது. குச்சி கொஞ்சம் வளைந்திருந்தாலோ, பாட்டில் சாய்ந்தாலோ, மேலே காற்று அடித்தாலோ அது எங்கே போகும் என்பது கொளுத்தியவருக்கும் தெரியாது. எரிந்துகொண்டே கிளம்புகிற நெருப்பு எங்கே இறங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை என்றால், கூரை வீடும் வைக்கோல்போரும் துணி காயும் பால்கனியும் இருக்கிற ஊரில் அதை விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

வானத்தில் ஏதாவது வேண்டும்தானே என்றால், ராக்கெட்டுக்குப் பதில் ஷாட் பெட்டி எடுக்கலாம். இதில் எரிதல் இரண்டு கட்டம். குழாயின் அடியில் இருக்கிற கருமருந்து குண்டைத் தூக்கி எறிகிறது, மேலே போன பிறகு உள்திரி முடிந்து, நடுவில் இருக்கிற மருந்து வெடித்து, சிவகாசியில் மணி மருந்து என்று சொல்கிறார்களே, அந்த உருண்டைகளைப் பற்றவைத்துச் சிதறடிக்கிறது. பூ விரிவது அந்த உருண்டைகள்தான். சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால், மஞ்சள் சோடியத்தால், நீலம் செம்பால், பளீரென்ற வெள்ளை அலுமினியம், மெக்னீசியம், டைட்டேனியம் மாதிரி உலோகத் தூளால். நல்ல நீலம் வானத்தில் அபூர்வமாகத்தான் தெரியும், கவனித்திருப்பீர்கள். நீலம் தருகிற செம்புக் குளோரைடு அதிகச் சூட்டில் சிதைந்துவிடும், சூடு குறைந்தாலோ வெளிச்சம் மங்கும், அந்த இடைவெளிக்குள் பிடிப்பது கைப்பக்குவம். ஆழ்ந்த பச்சைக்கு வழக்கமாகப் பேரியம்தான், அது தடையில் இருக்கிறது, எனவே பெட்டிப் படத்தில் இருக்கிற மரகதப் பச்சையை நம்பி வாங்க வேண்டாம்.

ராக்கெட்டைவிட ஷாட் மேல் என்று சொல்லக் காரணம், திசையைத் தீர்மானிக்கிற குழாய் தரையில் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பெட்டி கவிழ்ந்தால் அந்தக் கட்டுப்பாடு போச்சு, 12 ஷாட்டில் மூன்றாவது ஷாட்டின் உதைப்பில் பெட்டி சாய்ந்தால் மிச்சம் ஒன்பதும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் மேல்தான். நாலு பக்கமும் செங்கல் வைத்து, இல்லை ஒரு பழைய வாளியில் மணல் கொட்டிப் பாதி புதைத்து வைத்துக் கொளுத்துங்கள். மேலே கேபிள் ஒயரோ மரக்கிளையோ இருக்கக் கூடாது. மொட்டை மாடியில் விடுகிறவர்கள் பக்கத்து மாடி உங்கள் மாடியைவிட உயரமா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி, பெரியவர் ஒருவர் மட்டும் கொளுத்துவது, இந்த அளவில் நிறுத்தினால் வாங்கலாம்.

பசுமைப் பட்டாசா சாதாரணமா என்ற கேள்விக்கு இப்போது பெரிய அர்த்தம் இல்லை, சட்டப்படி விற்கக் கூடியதே பசுமைப் பட்டாசுதான். நாக்பூரில் இருக்கிற நீரி நிறுவனம் உருவாக்கிய கலவை அது, பெட்டியில் அதன் முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கும். நுண்துகள் சுமார் 30 சதவீதம் குறையும் என்கிறார்கள். நல்லதுதான், ஆனால் 30 சதவீதம் குறைந்தால் மீதி 70 நம் மூக்குக்குத்தான் வருகிறது, 'பசுமை' என்று போட்டிருக்கிறதே என்று இரண்டு மடங்கு வாங்கினால் கணக்கு எங்கே போய் நிற்கும்? முத்திரையைப் பார்ப்பதற்கு எனக்கு முக்கியமாகத் தெரிகிற காரணம் வேறு. குளோரேட் உப்பும் கந்தகமும் கலந்த மருந்து உரசினாலேயே பற்றக்கூடியது, 1992-லிருந்து இந்தியாவில் தடை. முத்திரையே இல்லாத மலிவுச் சரக்கில் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆன்லைனில் பட்டாசு விற்பதற்கும் அதே 2018 உத்தரவில் தடை உண்டு. 80 சதவீதத் தள்ளுபடி என்று வாட்ஸ்அப்பில் வருகிற விலைப்பட்டியலுக்குப் பணம் போட்டுவிட்டு, லாரி ஆபீஸில் நின்றுகொண்டு யாரைக் கேட்பீர்கள்? உரிமம் வைத்திருக்கிற உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியை ரயிலில் எடுத்துப் போவதும் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை.

அளவைத் தீர்மானிக்க நேரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8, ஆக இரண்டே மணி நேரம். காலை ஒரு மணி நேரத்தில் எண்ணெய்க் குளியல் போக மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். மேலே சொன்ன வீட்டுக்கு நான் போடுகிற பட்டியல்: புஸ்வாணம் இரண்டு பெட்டி, சங்குசக்கரம் ஒன்று, 30 செ.மீ. மத்தாப்பு இரண்டு, காலைக்குக் குருவி வெடி, பிஜிலி, இரவு கடைசியில் ஒரே ஒரு 12 ஷாட். கிப்ட் பாக்ஸ் எடுத்தால் அதற்குள் பாம்பு மாத்திரையும் எதற்கென்றே தெரியாத நாலு சாமானும் வந்துவிடும், உதிரியாகவே எடுங்கள்.

அப்புறம், புகையே ஆகாது, பட்டாசே வேண்டாம் என்று முடிவெடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு ஒன்று உண்டு, தீபாவளிக்கு இல்லை, கார்த்திகைக்கு. மாவளி. ஆண் பனையின் பூவைக் கருக்கி, இடித்துத் தூளாக்கி, துணியில் சுருட்டி, பனைமட்டைக் குச்சிகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் சுழற்றுவார்களே, அது. வெடியுப்பு இல்லை, அடைப்பு இல்லை, வெறும் கரி கனல்வதுதான், சுழற்றும்போது காற்று பாய்ந்து பொறி கொட்டுகிறது, நிறுத்தினால் அடங்குகிறது. இந்தப் பட்டியலிலேயே ஆக்சிஜனை வெளியிலிருந்து வாங்கி எரிகிறது இது ஒன்றுதான், அதனால் நம் கைக்குக் கட்டுப்படுகிறதும் இது ஒன்றுதான். கொஞ்சம் திறந்த இடம் வேண்டும், சுழற்றத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

தீபாவளிப் பட்டாசில் மிஞ்சியதையும் அந்தக் கார்த்திகைக்கே முடித்துவிடுங்கள், அடுத்த வருஷத்துக்குப் பரண் மேல் ஏற்ற வேண்டாம். நமத்துப்போன அலுமினிய மருந்து போகாமல் இருப்பது மட்டுமில்லை, ஈரத்தில் அலுமினியத் தூள் மெதுவாக வினைபுரிந்து தானாகவே சூடேறவும் கூடும். வெடிக்காததையும் நமத்ததையும் ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, நன்றாகக் கூழான பிறகு, மற்ற குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் இன்னது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.